2⁶⁷ − 1: காரணி கிடைக்க 27 ஆண்டுகள் காத்திருந்த பகு எண்

91 பகா எண்ணா என்று கேட்டால் 7 × 13 என்று எழுதிக் காட்டுகிறோம். பகு எண் என்று சொல்வதும் காரணியைக் காட்டுவதும் அங்கே ஒரே வேலை. எண் பெரிதாகும்போது இந்த இரண்டும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஒன்று சில நொடிகளில் முடியும், மற்றது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பிளவை நேரில் பார்க்க மிகச் சரியான அளவுள்ள எண் ஒன்று இருக்கிறது:

147573952589676412927

இது 2⁶⁷ − 1. மொத்தம் 21 இலக்கங்கள். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென், 2-இன் எந்தெந்த அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின. 1876-இல் எதுவார் லூகாஸ் 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் அவரிடம் ஒரு காரணிகூட இல்லை. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் அதை முன்வைத்தார்:

193707721 × 761838257287

இடைப்பட்ட 27 ஆண்டுகளும் இது பகு எண் என்று தெரியும், எதனால் வகுபடும் என்று தெரியாது. அந்த நிலை எப்படி உண்டாகிறது, அதைத் தாண்ட என்னென்ன வழிகள் உண்டு, எங்கே கைவிடுகின்றன என்பதை இந்த ஒரு எண்ணை வைத்தே முழுக்கப் பார்த்துவிடலாம்.

காரணி எந்த வடிவில் இருக்க வேண்டும்

ஏதோ ஒரு பகா எண் 2⁶⁷ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் வகுத்தால் 2⁶⁷ மீதி 1 தரும். 2-இன் எந்த அடுக்கு முதன்முதலாக மீதி 1 தருகிறதோ, அந்த அடுக்கு 67-ஐ வகுக்க வேண்டும். 67 பகா எண் என்பதால் அது 1 அல்லது 67. 1 ஆக இருக்க வழியில்லை. எனவே 67தான். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை இந்த 67 வகுத்தாக வேண்டும். காரணி ஒற்றைப்படை, ஆகவே 134-ஆலும் வகுபடும். முடிவாக, ஒவ்வொரு பகாக் காரணியும் 134-இன் மடங்கு கூட்டல் 1.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2⁶⁷-இன் மீதி 1 என்றால் 2⁶⁸-இன் மீதி 2. 2⁶⁸ என்பது 2³⁴-இன் வர்க்கம். அதாவது அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க மீதி. இது நடக்க வேண்டுமானால் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 134-ஐப் பெருக்கும் எண் 4-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும், அல்லது மீதி 1 தர வேண்டும். மற்ற பாதியைத் தொடவே வேண்டாம்.

தொடக்கத்தில் வரும் எண்களை எழுதிப் பாருங்கள்: 135, 537, 671, 1073, 1207. எல்லாமே சிறு காரணிகள் உள்ளவை (1073 = 29 × 37, 1207 = 17 × 71). உண்மையில் சோதிக்க வேண்டிய முதல் எண் 1609. கோல் கண்ட சிறிய காரணியில் 134-இன் பெருக்கு எண் 1445580. அதுவரை நடந்து போக வேண்டுமென்றால், மேற்சொன்ன பாதியையும் 3, 5, 7-ஆல் வகுபடுபவற்றையும் விலக்கிய பிறகும் சுமார் 3,30,000 எண்கள் மிஞ்சும். கையால் ஒரு நாளைக்கு நூறு எண்களைச் சோதித்தாலும் ஒன்பது ஆண்டுகள். வகுத்துப் பார்ப்பது என்ற வழி 19-ஆம் நூற்றாண்டில் ஏன் மூடிக் கிடந்தது என்பது இதிலிருந்தே தெரியும்.

காரணியைச் சரிபார்ப்பது எவ்வளவு எளிது

காரணி கையில் கிடைத்துவிட்டால் 21 இலக்க எண்ணை வகுக்கக்கூடத் தேவையில்லை. 67-ஐ இரண்டின் அடிமானத்தில் எழுதினால் 1000011. அடுக்குகளை வர்க்கப்படுத்தி ஏறிப் போகலாம்: 2, 4, 16, 256, 65536. அடுத்து 33-ஆவது அடுக்கு, 2³³ = 8589934592. இதை 193707721-ஆல் வகுத்தால் ஈவு 44, மீதி 66794868.

இனி ஒரே ஒரு படி. 67 = 33 + 33 + 1. எனவே அந்த மீதியை வர்க்கப்படுத்தி இரட்டிக்க வேண்டும்.

66794868² = 4461554391137424
இரட்டித்தால் 8923108782274848
193707721 × 46064807 = 8923108782274847

மீதி 1. அதாவது 193707721 நம் எண்ணை வகுக்கிறது. பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் தெரிந்த யாரும் ஒரு தாளில் செய்து முடித்துவிடலாம்.

இதைக் கணினியில் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். எக்செல் போன்ற விரிதாள்கள் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டாது. 2⁶⁷ − 1 என்று கேட்டால் கடைசி ஆறு இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்கிக் காட்டும். மேலே உள்ள வர்க்கத்தில் 16 இலக்கங்கள். கடைசி இலக்கமான 4 பூஜ்ஜியமாகத் தெரியும், திரையில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதித் தொடர்ந்தால் மீதியும் தப்பாக வரும். 64 பிட் முழு எண்ணும் போதாது, நம் எண்ணுக்கு 67 பிட் வேண்டும். பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அங்கே சிக்கல் வராது. ஆனால் அங்கேயும் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம எண்ணாகிக் கடைசி இலக்கங்கள் போய்விடும். இரட்டைச் சாய்கோடுதான் போட வேண்டும்.

லூகாஸ் என்ன செய்தார்

லூகாஸின் வழியை 1930-களில் டி. எச். லேமர் செப்பனிட்டார். இன்றைய வடிவம் இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பிறகு பூஜ்ஜியம் வந்தால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண்.

சிறிய உதாரணமாக 2¹¹ − 1 = 2047. தொடர் இப்படிப் போகும்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது தடவை முடிந்தும் பூஜ்ஜியம் வரவில்லை. பகு எண். (2047 = 23 × 89.) இந்தப் பத்து எண்களில் 23-உம் இல்லை, 89-உம் இல்லை. 1736 என்ற அந்த மீதியை எப்படிப் பிழிந்தாலும் காரணி சொட்டாது. அதுவே 67-க்கு 65 தடவை. ஒவ்வொன்றும் 21 இலக்க எண்ணின் வர்க்கம்.

இந்தச் சோதனையின் பலவீனம் பலரும் கவனிக்காதது. நடுவில் ஓர் இலக்கம் தவறினாலும் கடைசியில் வருவது பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆகவே தவறான கணக்கு எப்போதும் ‘பகு எண்’ என்றே தீர்ப்புச் சொல்லும். பகா எண் என்ற தீர்ப்பு தற்செயலாக வராது, பகு எண் என்ற தீர்ப்பு தற்செயலாகவும் வரும். அதனால்தான் பெரிய மெர்சென் பகா எண்களைத் தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு தேடும் கிம்ப்ஸ் (GIMPS) கூட்டுத்திட்டத்தில் ஒரு லூகாஸ்–லேமர் முடிவை வேறொரு கணினியில் மறுபடி ஓட்டி, இறுதி மீதியின் கடைசி 64 பிட்டுகள் ஒத்துப்போன பிறகே ஏற்றுக்கொண்டார்கள். காரணி கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஒரு பெருக்கல் போதும். காரணியைத் தேடி இவ்வளவு பேர் அலைவதற்கு என் பார்வையில் இதுவே போதுமான நியாயம்.

ஃபெர்மாவின் தேற்றத்தை வைத்தும் பகு எண்ணைப் பிடிக்கலாம். ஓர் அடிமானத்தை (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வராவிட்டால் அது பகு எண். ஆனால் மெர்சென் எண்களில் (2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருபவை) அடிமானமாக 2-ஐ எடுத்தால் ஏமாற்றம்தான். 2⁶⁷ − 2 என்பது 67-இன் மடங்கு, 2⁶⁷-இன் மீதியோ 1. ஆக, எண் பகுவோ பகாவோ, மீதி 1 என்றுதான் வரும். அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் அடிமானம் 2-இல் தேறிவிடும். அடிமானம் 3-இல்தான் சோதிக்க வேண்டும். பொதுவான எண்களில் இதைவிடப் பிடிவாதமானவையும் உண்டு. ராமானுஜனால் எல்லாருக்கும் தெரிந்த 1729 அப்படிப்பட்டது. 1729 = 7 × 13 × 19, 1728-ஐ 6, 12, 18 மூன்றும் வகுக்கும். ஆகவே 7, 13, 19-ஆல் வகுபடாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் 1729 பகா எண் போலவே நடிக்கும்.

கோலின் வழி

ஒற்றைப்படைப் பகு எண் எதையும் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம்: அ² − ஆ². காரணிகள் (அ − ஆ), (அ + ஆ). அ என்பது இரு காரணிகளின் சராசரி. நம் எண்ணுக்கு

381015982504² − 380822274783²

நேரடியாகத் தேடினால் அ-வை வர்க்கமூலத்திலிருந்து, அதாவது சுமார் 1,214 கோடியே 80 லட்சத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றி 38,101 கோடிக்கு மேல் போக வேண்டும். நடக்கிற காரியமல்ல. ஆனால் அ எந்த எண்ணாக வேண்டுமானாலும் இருக்க முடியாது. இரு காரணிகளும் 67-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. ஒவ்வொன்றிலிருந்தும் 1-ஐக் கழித்துப் பெருக்கினால் கிடைப்பது 67²-இன் மடங்கு. அதை விரித்து எழுதினால், காரணிகளின் கூட்டுத்தொகையும் 2⁶⁷-உம் 4489-ஆல் வகுக்கும்போது ஒரே மீதி தர வேண்டும் என்று வருகிறது. காரணி எதுவென்று தெரியாமலே அவற்றின் கூட்டுத்தொகைக்கு மீதி தெரிந்துவிடுகிறது! இதேபோல ஒரு காரணி 8-ஆல் மீதி 1, மற்றது மீதி 7 என்பதால் அ 4-இன் மடங்கு. 3-ஐ எடுத்துக்கொண்டால், நம் எண்ணின் மீதி 1, ஆகவே ஆ 3-இன் மடங்காகத்தான் இருக்க முடியும்.

கோல் வர்க்க மீதிகளைக் கொண்டு இப்படி நெருக்கிக்கொண்டே போய், அ-வை இந்த அச்சுக்குள் கொண்டுவந்தார்:

அ = 1323536760 × (ஒரு முழு எண்) + 1160932384

1323536760-ஐப் பிரித்துப் பார்த்தால் 2³ × 3⁴ × 5 × 7 × 13 × 67². அவர் எந்தெந்தச் சிறு எண்களைக் கொண்டு வலையை இறுக்கினார் என்பது இந்தப் பெருக்கலிலேயே படிந்திருக்கிறது. முழு எண் 287 ஆகும்போது அ = 381015982504. வர்க்கமூலத்துக்கு மேலே இந்த அச்சில் முதலில் வருவது 9. ஆக 9-இலிருந்து 287 வரை 279 எண்கள். சுமார் 36,886 கோடி சாத்தியங்கள் இருந்த இடத்தில் 279. கோல் கரும்பலகையில் வாய்திறக்காமல் பெருக்கிக் காட்டினார் என்ற கதைதான் எங்கும் ஓடுகிறது. எனக்கு அந்தக் கதையைவிட இந்த 1323536760 பெரிதாகத் தெரிகிறது.

இன்றைய கருவியில் இதே எண்

1974-இல் ஜான் பொல்லார்ட் வெளியிட்ட ‘காரணி கழித்தல் 1’ வழி இந்த எண்ணை நொடிக்குள் உடைத்துவிடும். காரணம் இதுதான்:

193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677

காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது முழுக்கச் சிறு பகா எண்களின் பெருக்கல். முதல் கட்ட எல்லையை 27 என்று வைத்து, அதற்குட்பட்ட பகா எண்களின் அடுக்குகளைப் பெருக்குங்கள்: 16 × 27 × 25 × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 80313433200. மெர்சென் எண் என்பதால் 67-ஐயும் சேருங்கள். இது 43 பிட் எண். 3-ஐ இந்த அடுக்குக்கு உயர்த்த 42 வர்க்கப்படுத்தல்கள் போதும். இரண்டாம் கட்டத்தில் 29 முதல் 2677 வரையுள்ள, நானூறுக்கும் குறைவான பகா எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2677 வரும்போது, கிடைத்த மீதியிலிருந்து 1-ஐக் கழித்து நம் எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 193707721 வெளியே வரும்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. அடிமானமாக 2-ஐ எடுத்துவிடுவது முதலாவது. அடுக்கில் 67 இருக்கும்போது 2 எப்போதும் மீதி 1 தரும், மீப்பெரு பொதுக் காரணியாக நம் 21 இலக்க எண்ணே திரும்பி வரும். பகா எண் ஒவ்வொன்றையும் ஒரே தடவை பெருக்கிவிட்டு, 2³, 3³ போன்றவற்றை விட்டுவிடுவது இரண்டாவது. மூன்றாவது, எல்லையை அளவுக்கு மீறி ஏற்றி, நடுவில் மீப்பெரு பொதுக் காரணி எடுக்காமலே போவது. அப்போது இரு காரணிகளும் ஒன்றாக விழுந்து மறுபடி தொடங்கிய எண்ணே கிடைக்கும். நம் எண்ணில் அந்த ஆபத்து குறைவு. 761838257286 = 2 × 3² × 67 × 631706681, கடைசியில் உள்ளதை 23 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் வகுக்காது.

காரணியே இல்லாமல் நிற்கும் எண்

அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்களில், பகு எண் என்று தெரிந்தும் ஒரு காரணிகூடத் தெரியாத மிகச் சிறியது 2¹²⁷⁷ − 1. இதற்கு 385 இலக்கங்கள். அடுத்த வீட்டில் இருக்கும் 2¹²⁷⁹ − 1 பகா எண், 1952-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1277-க்கு லூகாஸ்–லேமர் சோதனை 1275 படிகள், மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரம். காரணி 2554-இன் மடங்கு கூட்டல் 1 என்ற வடிவில் இருக்கும் என்பதும் தெரியும். அதற்கு மேல் இருட்டு.

இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ஃபெர்மா எண்கள் இருக்கின்றன (2-இன் அடுக்கோடு 1-ஐக் கூட்டி வருபவை, அந்த அடுக்கும் 2-இன் அடுக்காக இருக்கும்). 24-ஆவது ஃபெர்மா எண்ணுக்கு 50,50,446 இலக்கங்கள். அது பகு எண் என்று 1999-இல் நிறுவப்பட்டது, காரணி இன்னும் இல்லை. ஆனால் 1277-தான் உறுத்துகிறது, எட்டிவிடும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றுவதால். 2¹⁰⁶¹ − 1 என்ற 320 இலக்க எண்ணும் இதேபோலத்தான் ஒரு காரணியும் இல்லாமல் நின்றது. 2012-இல் சிறப்பு எண்புலச் சல்லடை என்ற காரணி காணும் வழி அதை உடைத்தபோது 143 இலக்கமும் 177 இலக்கமும் கொண்ட இரு பகா எண்கள் வந்தன. அவ்வளவு பெரிய காரணிகளை வேறு எந்த வழியும் தொட்டிருக்காது.

சல்லடை வழியில் செலவு இரண்டு இடங்களில் விழுகிறது. சிறு பகா எண்களாகப் பிரியும் தொடர்புகளைச் சேகரிப்பதை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். அந்தத் தொடர்புகளை வைத்து அடுத்து வரும் அணிக்கணக்கை (மேட்ரிக்ஸ் கணக்கை) அப்படிப் பங்கிட முடியாது. ஆர்எஸ்ஏ-768 என்ற 232 இலக்க எண்ணை 2009-இல் உடைத்தபோது அந்த அணிக்குச் சுமார் 19 கோடி நிரைகள். நெருங்கிப் பிணைந்த கணினிகளும் பெரிய நினைவகமும் இல்லாமல் அந்தக் கட்டம் நகராது.

தனி ஆளாக முயல்பவருக்கு மிஞ்சுவது ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு வழி. பொல்லார்ட் வழியில் காரணியிலிருந்து 1-ஐக் கழித்த எண் சிறு பகா எண்களாக உடையாவிட்டால் ஆட்டம் முடிந்தது, மாற்று கிடையாது. வளைவு வழியில் ஒவ்வொரு வளைவும் காரணிக்கு அருகிலுள்ள வேறொரு எண்ணை முயல்கிறது. உடையும் எண் கிடைக்கும்வரை வளைவை மாற்றிக்கொண்டே போகலாம். 65 இலக்கக் காரணியைக் குறிவைத்தால் முதல் கட்ட எல்லை 85 கோடி, வளைவுகள் சுமார் 70,000. இந்த வழியில் இதுவரை கிடைத்த மிகப் பெரிய காரணிக்கு 83 இலக்கங்கள், 2013-இல் கிடைத்தது.

அந்த 70,000 வளைவுகளையும் ஓட்டி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் 65 இலக்கக் காரணி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அந்த எண்ணிக்கையின் பொருள், அப்படி ஒரு காரணி இருந்தால் சராசரியாக ஒரு தடவை பிடிபடும் என்பது மட்டுமே. இருந்தும் நழுவிப்போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு மடங்கு ஓட்டினால் அது சுமார் 13.5 சதவீதமாகக் குறையும். ஏற்கெனவே ஓடிய வளைவுகளின் எண்ணிக்கையும் எல்லையும் கிம்ப்ஸ் தளத்தில் பதிவாகின்றன. தொடங்குபவர் அதைப் பார்த்துவிட்டு, முடிந்துபோன நிலைக்கு மேலே எல்லையை வைக்க வேண்டும். இரண்டாம் கட்டம் நினைவகத்தைத் தின்னும். கணினியில் நினைவகம் குறைவாக இருந்தால் முதல் கட்டத்தை மட்டும் ஓட்டி, அதன் முடிவுக் கோப்பை நினைவகம் அதிகமுள்ள இன்னொருவருக்கு அனுப்பலாம். வளைவைத் தீர்மானிக்கும் தொடக்க எண் அந்தக் கோப்பிலேயே இருப்பதால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.